வேதிக் கணக்குக்கு எந்த வழி: விகிதமா, மோலா, சமான நிறையா?

வேதிக் கணக்கு தொடங்கிய சில வாரங்களிலேயே மாணவர்களின் நோட்டில் மூன்று நான்கு வழிகள் வந்து சேர்ந்துவிடும். துகள்களை எண்ணும் அலகான மோலைக் கண்டுபிடித்துப் போகப் பாடநூல் சொல்லும். வகுப்பில், "நூறு கிராமிலிருந்து நாற்பத்து நான்கு கிராம் வருகிறது, அப்படியானால் இருபத்தைந்து கிராமிலிருந்து எவ்வளவு?" என்று நேராக விகிதம் போட்டுக் காட்டுவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அக்காவோ அண்ணனோ சமான நிறை என்று ஒன்றைச் சொல்லி இரண்டே வரியில் முடித்துவிடுவார். எல்லா வழியிலும் விடை ஒன்றாகத்தான் வருகிறது. அப்புறம் எதைப் பின்பற்றுவது? பலர் எதையும் முடிவு செய்யாமல், கணக்குக்கு ஒரு வழி என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோல் வழியை உங்கள் முதன்மை வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகையும் பொருளின் பெயரையும் எழுதுங்கள். நேரடி விகிதம் விடையைச் சரிபார்க்க உதவட்டும். சமான நிறையை, மோல் நன்றாகக் கைக்கு வந்த பிறகு தொட்டால் போதும். ஏன் இந்த வரிசை என்பதைக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பெரும்பாலான கணக்குகளுக்கு அடிப்படை, சமன்படுத்தப்பட்ட சமன்பாடு. அதில் பொருள்களுக்கு முன்னால் நிற்கும் எண்கள் துகள்களின் எண்ணிக்கையைச் சொல்கின்றன. அவற்றுக்கும் கிராமுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 'மூன்று ஹைட்ரஜனுக்கு ஒரு நைட்ரஜன்' என்று சமன்பாடு சொன்னால், 3 கிராம் ஹைட்ரஜனுக்கு 1 கிராம் நைட்ரஜன் போதும் என்று பொருள் இல்லை. உண்மையில் 3 கிராம் ஹைட்ரஜனுக்கு 14 கிராம் நைட்ரஜன் வேண்டும். இந்த ஒரு இடம் தெளிவாகாமல் கீழே உள்ள எந்த வழியைக் கற்றாலும் பயன் இருக்காது.

நேரடி விகிதம்

25 கிராம் கால்சியம் கார்பனேட்டை முழுவதுமாகச் சிதைத்தால் எத்தனை கிராம் கார்பன் டைஆக்சைடு கிடைக்கும்? கால்சியம் 40, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48. ஆக மொத்தம் 100. கார்பன் டைஆக்சைடுக்கு 44. நூறு கிராம் 44 கிராமைத் தருகிறது என்றால், 25 கிராம் தருவது 25 × 44 ÷ 100 = 11 கிராம். கணக்கு முடிந்தது.

இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சின்ன வகுப்பிலிருந்தே பழகிய விகிதம்தான், புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. கொடுத்ததும் கேட்டதும் கிராமிலேயே இருந்து, பொருளும் இரண்டே என்றால் இதைவிட வேகமான வழி கிடையாது.

ஆனால் கேள்வி அதோடு நிற்பதில்லையே. அதே 25 கிராமை வைத்து, "வெளிவரும் வாயுவின் கனஅளவு என்ன?" என்று அடுத்த பிரிவு கேட்கும். "அந்தக் கார்பனேட் முழுவதும் வினைபுரிய 0.5 மோலார் (லிட்டருக்கு 0.5 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் எத்தனை லிட்டர் தேவை?" என்று அதற்கடுத்த பிரிவு கேட்கும். விகித வழியில் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு விகிதம் கட்ட வேண்டும்: 100 கிராமுக்கு 22.4 லிட்டர் (0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு), 100 கிராமுக்கு 73 கிராம் அமிலம், பிறகு அந்த அமிலம் எத்தனை லிட்டரில் இருக்கிறது என்று இன்னொன்று. ஒவ்வொரு விகிதமும் தவறு நுழைய ஒரு வாசல்.

இன்னொரு பலவீனமும் உண்டு. சமன்பாட்டின் எண்களை நிறையோடு பெருக்க மறப்பது இந்த வழியில் மிக எளிது. அம்மோனியா தயாரிப்பில் 28 கிராம் நைட்ரஜனுக்கு எதிரே 6 கிராம் ஹைட்ரஜன் என்று எழுத வேண்டும். அவசரத்தில் மூலக்கூறு நிறையை மட்டும் பார்த்து 2 கிராம் என்று எழுதிவிடுவார்கள். விகிதம் அழகாகவே நடக்கும், விடைதான் மூன்றில் ஒரு பங்காக வரும்.

மோல் வழி

இங்கே படிகள் மூன்று. கொடுத்ததை மோலாக்கு, சமன்பாட்டைப் பார்த்து, கேட்ட பொருளின் மோலுக்குப் போ, அதைக் கேட்ட அலகுக்கு மாற்று. அதே கணக்கு: 25 ÷ 100 = 0.25 மோல் கால்சியம் கார்பனேட். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று, ஆகவே 0.25 மோல் கார்பன் டைஆக்சைடு. 0.25 × 44 = 11 கிராம்.

இரண்டு வரியில் முடிந்ததை ஏன் மூன்று வரியாக்க வேண்டும் என்று தோன்றலாம். அந்த 0.25 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பிரிவுகளைப் பாருங்கள். கனஅளவு வேண்டுமா? 0.25 × 22.4 = 5.6 லிட்டர். மூலக்கூறுகளின் எண்ணிக்கை வேண்டுமா? 0.25 × 6.022 × 10²³, அதாவது ஏறத்தாழ 1.5 × 10²³. அமிலம் வேண்டுமா? ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம், எனவே 0.5 மோல், 0.5 மோலார் கரைசலில் அது சரியாக 1 லிட்டர். ஒரு தடவை மோலைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே எட்டில் போய்விடலாம். கிராம், லிட்டர், துகள் எண்ணிக்கை, கரைசலின் செறிவு ஆகிய நான்கு தெருக்களும் கூடும் நாற்சந்தி மோல். அங்கே வந்து திரும்புகிறவருக்கு ஒரே வரைபடம் போதும்.

மோல் என்பதும் மருள வேண்டிய ஒன்று இல்லை, அது ஓர் எண்ணிக்கைதான். 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என்று வரையறுத்துவிட்டார்கள். அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உண்டோ அத்தனை என்று சொல்லிவந்தார்கள். பள்ளிக் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

விகித வழி நுழையவே முடியாத ஒரு கணக்குவகையையும் இங்கே சொல்ல வேண்டும்: சதவீத இயைபிலிருந்து எளிய விகித வாய்பாடு காண்பது. ஓர் ஆக்சைடில் இரும்பு 70 சதவீதம், ஆக்சிஜன் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 70 ÷ 56 = 1.25 மோல் இரும்பு. 30 ÷ 16 = 1.875 மோல் ஆக்சிஜன். சிறியதால் வகுத்தால் 1 : 1.5. இரண்டால் பெருக்கினால் 2 : 3, அதாவது ஃபெரிக் ஆக்சைடு. மோலாக்காமல் 70 : 30 என்பதை எப்படிச் சுருக்கினாலும் எத்தனை அணு என்பது வரவே வராது. 1.5ஐ இரண்டு என்று முழுமையாக்கிவிடுவதும் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. 1.02 போன்று முழு எண்ணை ஒட்டி வந்தால் முழுமையாக்கலாம்; 1.5, 1.33, 1.25 வந்தால் முறையே 2, 3, 4 ஆல் பெருக்க வேண்டும்.

மோல் வழியின் செலவு என்ன? தசம வகுத்தல். அதில் தயக்கம் உள்ளவருக்கு விகித வழி இதமாக இருக்கும். இன்னொன்று, இடையில் வரும் எண்களை உடனுக்குடன் முழுமையாக்கினால் விடை நழுவும். 7 கிராம் சோடியம் குளோரைடு என்றால் 7 ÷ 58.5 = 0.11966 மோல். இதை 0.1 என்று எழுதிவிட்டால் அப்போதே ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. நடுவில் நான்கு இலக்கம் வரை வைத்திருங்கள், கடைசியில் சுருக்குங்கள்.

22.4ஆ, 22.7ஆ என்ற கேள்வியும் மாணவர்களைத் தொந்தரவு செய்கிறது. இரண்டும் 0 டிகிரி செல்சியஸில்தான். அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் ஒரு மோல் நல்லியல்பு வாயு 22.4 லிட்டர், 1 பார் என்றால் 22.7 லிட்டர். வேதியியலுக்கான சர்வதேச ஒன்றியம் 1982இல் 1 பாருக்கு மாறிவிட்டது, பல பாடநூல்கள் பழையதையே வைத்திருக்கின்றன. கேள்வியில் அழுத்தம் இருந்தால் அதன்படி போங்கள். இல்லாவிட்டால் உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதன்படி. அறை வெப்பநிலையில் இருக்கும் வாயுவுக்கு இரண்டுமே பொருந்தாது.

எது முதலில் தீரும்?

இரண்டு வினைபடுபொருள்களின் அளவும் கொடுக்கப்பட்டால், எது வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது எது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் என்று முதலில் பார்க்க வேண்டும். என் கணிப்பில் பள்ளி வேதிக் கணக்கிலேயே கடினமான இடம் இதுதான். இங்கே வழியைத் தேர்ந்தெடுப்பது உண்மையிலேயே விடையை மாற்றிவிடும்.

தவறான இரண்டு குறுக்குவழிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒன்று, நிறை குறைந்தது முதலில் தீரும் என்பது. 4 கிராம் ஹைட்ரஜனும் 24 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தால்? 4 கிராம் ஹைட்ரஜன் என்பது 2 மோல், 24 கிராம் ஆக்சிஜன் என்பது 0.75 மோல். இரண்டு மோல் ஹைட்ரஜனுக்கு ஒரு மோல் ஆக்சிஜன் வேண்டும், இருப்பது 0.75 மோல். தீர்வது நிறை அதிகமான ஆக்சிஜன். மற்றொன்று, மோல் குறைந்தது முதலில் தீரும் என்பது. 8.1 கிராம் அலுமினியத்தையும் 32 கிராம் ஃபெரிக் ஆக்சைடையும் பாருங்கள். அலுமினியம் 0.3 மோல், ஆக்சைடு 0.2 மோல். வினைக்கு இரண்டு அலுமினியத்துக்கு ஒரு ஆக்சைடு. 0.2 மோல் ஆக்சைடுக்கு 0.4 மோல் அலுமினியம் வேண்டும், கையில் 0.3தான் இருக்கிறது. மோல் அதிகமாக இருந்தும் அலுமினியம்தான் முதலில் தீர்கிறது.

சரியான வழிகள் மூன்று இருக்கின்றன. ஒவ்வொரு வினைபடுபொருளும் முழுவதும் தீர்ந்தால் எவ்வளவு விளைபொருள் வரும் என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, குறைந்ததை எடுப்பது ஒன்று. புரிவதற்கு எளிது, ஆனால் ஒரே கணக்கை இரண்டு தடவை போட வேண்டும். மோலைச் சமன்பாட்டின் எண்ணால் வகுத்து, சிறியதைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது: 0.3 ÷ 2 = 0.15, 0.2 ÷ 1 = 0.2, ஆகவே அலுமினியம். பலவிடைத் தேர்வுக்கு இதுவே வேகமானது.

மூன்றாவது அட்டவணை. சமன்பாட்டின் கீழே மூன்று வரி: தொடக்கத்தில் எத்தனை மோல், வினையில் எத்தனை மோல் மாறியது, முடிவில் எத்தனை மோல். அலுமினியம்: 0.3, குறைந்தது 0.3, மீதி சுழியம். ஆக்சைடு: 0.2, குறைந்தது 0.15, மீதி 0.05. இரும்பு: சுழியம், கூடியது 0.3, முடிவில் 0.3. அலுமினியம் ஆக்சைடு: சுழியம், கூடியது 0.15, முடிவில் 0.15. எழுதச் சற்று நேரம் பிடிக்கும். ஆனாலும் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். "மீதி எவ்வளவு?" என்று கேட்டாலும், "விளைபொருள் எவ்வளவு?" என்று கேட்டாலும் விடை ஏற்கனவே எழுதியாயிற்று. பின்னால் வேதிச் சமநிலைப் பாடத்திலும் இதே அட்டவணைதான் வரும். இப்போது பழகினால் அப்போது பாதி வேலை மிச்சம்.

இன்னொரு நன்மை, சரிபார்ப்பது. 0.3 மோல் இரும்பு 16.8 கிராம். 0.15 மோல் அலுமினியம் ஆக்சைடு 15.3 கிராம். மீதியான ஃபெரிக் ஆக்சைடு 8 கிராம். மொத்தம் 40.1. தொடக்கத்தில் 8.1 + 32 = 40.1. பொருண்மை அழியாது என்ற விதி உங்கள் விடையைத் தானே திருத்திக் கொடுக்கிறது. தேர்வில் ஒரு நிமிடம் மிச்சமிருந்தால் இதற்குச் செலவிடுங்கள்.

அலகுகளை அடித்துக்கொண்டு போவது

மோல் வழிக்கு மாற்றாக இதைச் சிலர் சொல்வார்கள். என் பார்வையில் இது மோல் வழியை எழுதும் ஒரு நல்ல பழக்கம். ஒவ்வொரு எண்ணையும் அலகோடு எழுதி, மேலும் கீழும் ஒரே அலகு வந்தால் அடித்துவிட்டு, வேண்டிய அலகு மட்டும் மிஞ்சும்வரை போவது. அலகு மாற்றங்கள் வரிசையாக வரும் கணக்கில் இதன் பலம் தெரியும்.

98 சதவீதச் சல்பியூரிக் அமிலம், அடர்த்தி ஒரு மி.லி.க்கு 1.84 கிராம். மோலாரிட்டி என்ன? ஒரு லிட்டர் கரைசலில் தொடங்குவோம். 1000 மி.லி. × 1.84 கிராம்/மி.லி. = 1840 கிராம் கரைசல். அதில் 98 சதவீதம், அதாவது 1803.2 கிராம் அமிலம். ஒரு மோல் அமிலம் 98 கிராம், ஆகவே 18.4 மோல். ஒரு லிட்டரில் 18.4 மோல் இருப்பதால் 18.4 மோலார். இந்தக் கணக்கில் இரண்டு 98 இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று சதவீதம், மற்றது மோலார் நிறை. அலகில்லாமல் எழுதினால் எது எது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். இன்னொரு எடுத்துக்காட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வந்தால் சதவீதத்தாலேயே வகுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

இந்த வழியை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அலகு சரியாக வந்தாலே விடை சரி என்று ஆகிவிடாது. 8.1 கிராம் அலுமினியத்தை ஃபெரிக் ஆக்சைடின் மோலார் நிறையான 160ஆல் வகுத்தாலும் கிராம் அடிபட்டு மோல்தான் மிஞ்சும். அதனால்தான் 'கிராம்' என்பதோடு நிறுத்தாமல் 'கிராம் அலுமினியம்' என்று பொருளின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். அப்போது பொருந்தாத வகுத்தல் கண்ணில் உறுத்தும்.

நீரேறிய உப்புகளிலும் பெயர் முக்கியம். 250 மி.லி. 0.1 மோலார் காப்பர் சல்பேட் கரைசல் தயாரிக்க 0.025 மோல் உப்பு வேண்டும். ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட நீலப் படிகம் என்றால் மோலார் நிறை 249.5, எடுக்க வேண்டியது ஏறத்தாழ 6.24 கிராம். நீரற்ற வெள்ளைத் தூள் என்றால் 159.5, எடுப்பது ஏறத்தாழ 3.99 கிராம். "காப்பர் சல்பேட்" என்று மட்டும் எழுதிவைத்தவர் இங்கே சறுக்குவார்.

சமான நிறையும் நார்மாலிட்டியும்

மோலார் நிறையை, வினையில் ஒரு மூலக்கூறு தரும் அல்லது ஏற்கும் ஹைட்ரஜன் அயனிகள் அல்லது எலக்ட்ரான்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சமான நிறை. ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை சமான நிறை கரைந்திருக்கிறதோ அதுவே நார்மாலிட்டி. தரம் பார்த்தல் (செறிவு தெரிந்த கரைசலால் இன்னொன்றின் செறிவைக் காண்பது) கணக்குகளில் இந்த வழி பெரிய ஆறுதலாக இருக்கும். சமன்பாடு தேவையில்லை. நார்மாலிட்டியையும் கனஅளவையும் பெருக்கினால் இரு பக்கமும் சமம், அவ்வளவுதான். 20 மி.லி. சல்பியூரிக் அமிலத்தை நடுநிலையாக்க 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி. செலவாகிறது என்றால், அமிலத்தின் நார்மாலிட்டி 0.1 × 25 ÷ 20 = 0.125. ஒரு மூலக்கூறு அமிலம் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதால் மோலாரிட்டி அதில் பாதி, 0.0625.

மோல் வழியில் இதே கணக்கு: ஹைட்ராக்சைடு 0.1 × 0.025 = 0.0025 மோல். இரண்டு ஹைட்ராக்சைடுக்கு ஒரு அமிலம், ஆகவே 0.00125 மோல். அதை 0.020 லிட்டரால் வகுத்தால் 0.0625 மோலார். நீளம் கொஞ்சம் கூடுதல்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. கரைசலை நீர்க்கச் செய்யும்போது பயன்படும் 'செறிவு × கனஅளவு இரு பக்கமும் சமம்' என்ற சூத்திரமும், நார்மாலிட்டிச் சூத்திரமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. நீர்த்தலுக்கு மோலாரிட்டியை வைத்துப் போடலாம், ஏனென்றால் நீர் சேர்ப்பதால் கரைபொருளின் மோல் மாறுவதில்லை. தரம் பார்த்தலில் மோலாரிட்டியை அப்படியே வைத்தால், ஒன்றுக்கொன்று வினைபுரியும் இணைகளுக்கு மட்டுமே சரியாக வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் சரியாக வந்ததை நம்பி சல்பியூரிக் அமிலத்துக்கும் போட்டால், 0.0625க்குப் பதில் 0.125 வரும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவரால் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாது. மோல் எழுதுகிறவர் "இரண்டுக்கு ஒன்று" என்ற இடத்தைத் தாண்டிப் போக வழியில்லை.

சமான நிறையின் அடிப்படைச் சிக்கல், அது பொருளுக்கு மட்டும் உரிய எண்ணாக இல்லாமல் வினையோடு சேர்ந்து மாறுவது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158. அமிலக் கரைசலில் அது ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கிறது, சமான நிறை 31.6. நடுநிலைக் கரைசலில் மாங்கனீசு டைஆக்சைடாக மாறும்போது மூன்று எலக்ட்ரான்கள், சமான நிறை 52.67. வலுவான காரக் கரைசலில் ஒரே எலக்ட்ரான், சமான நிறை 158. அதே பாட்டிலில் உள்ள அதே கரைசலுக்கு மூன்று நார்மாலிட்டிகள்! பாஸ்பாரிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கும்போதும் இப்படித்தான்: மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுமிடத்தில் ஒரு ஹைட்ரஜன், பினாப்தலீன் நிறம் மாறுமிடத்தில் இரண்டு ஹைட்ரஜன் தீர்ந்திருக்கும். எத்தனை எலக்ட்ரான், எத்தனை ஹைட்ரஜன் என்று தெரியாமல் சமான நிறையைத் தொட்டால் அது வெறும் மந்திரம் ஆகிவிடும். இந்தக் காரணத்தால்தான் இன்றைய வேதியியலில் நார்மாலிட்டியை மெல்ல ஒதுக்கி வருகிறார்கள்.

வரலாற்றிலும் இதே குழப்பம் நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல வேதியியலாளர்கள் அணு நிறையை விட்டுச் சமான எடைகளை வைத்தே கணக்குப் போட்டார்கள். ஆக்சிஜனுக்குச் சிலர் 8 என்றும் சிலர் 16 என்றும் எழுதியதால், நீரில் ஒரு ஹைட்ரஜனா இரண்டு ஹைட்ரஜனா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கனிசாரோ, அவகாட்ரோ 1811இல் சொன்ன கருத்தை எடுத்து வைத்தார். சம வெப்பநிலை, சம அழுத்தத்தில் சம கனஅளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்பதே அது. அணு நிறைகள் ஒருவழியாகச் சீரானது அதன் பிறகுதான்.

அப்படியானால் சமான நிறையை விட்டுவிடலாமா? உங்கள் செய்முறைத் தேர்வு நார்மாலிட்டியில் நடக்கிறது என்றால் விட முடியாது. ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளில் உண்மையிலேயே அது நேரத்தை மிச்சப்படுத்தும். 20 மி.லி. ஃபெரஸ் கரைசலுக்கு 0.02 மோலார் அமிலப் பெர்மாங்கனேட் 18 மி.லி. செலவாகிறது. ஐந்து எலக்ட்ரான் என்பதால் அது 0.1 நார்மல். ஃபெரஸ் கரைசல் 0.1 × 18 ÷ 20 = 0.09 நார்மல். ஃபெரஸ் அயனி இழப்பது ஒரே எலக்ட்ரான் என்பதால் மோலாரிட்டியும் 0.09. நீண்ட சமன்பாட்டைச் சமன்படுத்தும் வேலை இல்லை. மோல் தெரிந்தவர் கையில் இது நல்ல கருவி.

அணுக்களை எண்ணிப் போகும் வழி

போட்டித் தேர்வு மாணவர்கள் விரும்பும் இன்னொரு வழி இது. ஒரு தனிமத்தின் அணுக்கள் எங்கும் போய்விடாது. தொடக்கத்தில் எத்தனை மோலோ முடிவிலும் அத்தனை மோல். 60 கிராம் இரும்பு பைரைட்டில் உள்ள கந்தகம் முழுவதும் சல்பியூரிக் அமிலமானால் எத்தனை கிராம் அமிலம்? பைரைட்டில் ஒரு இரும்புக்கு இரண்டு கந்தகம், மோலார் நிறை 120. 60 கிராம் என்பது அரை மோல், ஆகவே 1 மோல் கந்தகம். ஓர் அமில மூலக்கூறில் ஒரு கந்தகம், எனவே 1 மோல் அமிலம், 98 கிராம். வறுத்தல், ஆக்சிஜனேற்றம், நீரில் சேர்த்தல் என்ற மூன்று படிகளின் சமன்பாடுகளையும் எழுதாமலே முடிந்துவிட்டது.

ஆனால் அந்தத் தனிமம் ஒரே விளைபொருளுக்குத்தான் போக வேண்டும். தாமிரம் அடர் நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியும்போது நைட்ரஜனில் ஒரு பகுதி காப்பர் நைட்ரேட்டுக்கும் மறுபகுதி நைட்ரஜன் டைஆக்சைடுக்கும் போகிறது. இங்கே நைட்ரஜனை மட்டும் எண்ணினால் விடை வராது. சமன்பாடு எழுதியே தீர வேண்டும். படிக்கட்டு போன்ற பல படி வினைகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வாயு கணக்கு ஒன்றில் மட்டும் மோலே வேண்டாம். எல்லாமே வாயுவாக, ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் சமன்பாட்டின் எண்களே கனஅளவு விகிதம். 30 லிட்டர் ஹைட்ரஜனுக்கு 10 லிட்டர் நைட்ரஜன், கிடைப்பது 20 லிட்டர் அம்மோனியா. இதில் 22.4ஐக் கொண்டுவருவது வீண் வேலை.

யாருக்கு எது

பொதுத் தேர்வில் படிப்படியாக மதிப்பெண் தரும் வினாக்களுக்கு மோல் வழி. கடைசி எண் தவறினாலும் மோலும் விகிதமும் சரியாக இருப்பது திருத்துகிறவருக்குத் தெரியும். பலவிடைத் தேர்வுக்கும் மோல்தான் அடிப்படை. அதன் மேல் வகுத்துப் பார்க்கும் குறுக்குவழி, அணு எண்ணிக்கை, நார்மாலிட்டி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தசமத்தில் பலவீனமானவர்கள் வழியை மாற்றுவதைவிட, 0.1, 0.25, 0.5 மோலாக வரும் எளிய கணக்குகளில் தொடங்கிப் பழகுவதே நல்லது. தூய்மைச் சதவீதம், விளைச்சல் சதவீதம் என்று வந்தால் எந்த வழியிலும் ஒரு பெருக்கல்தான் கூடுதல். தூய்மை என்றால் கணக்கின் தொடக்கத்தில், விளைச்சல் என்றால் முடிவில்.

தேர்வுக்கு நாலைந்து நாள்தான் இருக்கிறது, இதுவரை விகிதம் மட்டுமே தெரியும் என்றால் இப்போது வழியை மாற்ற வேண்டாம். தெரிந்ததையே கவனமாகப் போடுங்கள். சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளின் கீழும், முன்னால் நிற்கும் எண்ணால் பெருக்கிய நிறையை எழுதி, இரு பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஒன்றா என்று பாருங்கள். அம்மோனியாவுக்கு இடப்பக்கம் 28 + 6, வலப்பக்கம் 34. சமமாக வராவிட்டால் எங்கோ ஓர் எண்ணைப் பெருக்காமல் விட்டிருக்கிறீர்கள்; அதைத் திருத்திய பிறகே விகிதம் கட்டுங்கள்.